பானையைப் போட்டுவிட்டுப் போனால்

விசில் வராது என்று தெரிந்தும் ஏகாம்பரம் விசிலுக்காகக் காத்திருந்தார். காலை சரியாகப் பத்து மணிக்குக் குமிழைத் திருப்பி வைத்தார். இப்போது பத்தே முக்கால். இந்த நேரத்துக்குள் ஒழுங்கான குக்கர் என்றால் எட்டு விசிலாவது அடித்து, இந்த வீட்டில் இன்றைக்கு என்ன வேகிறது என்பதை மூன்றாவது மாடி வரைக்கும் சொல்லியிருக்கும். இது, நாள் முழுக்க மெதுவாக வேகவைக்கிற மின்சாரப் பானை, ஒரு வார்த்தை பேசவில்லை. நீள்வட்டமாய், கறுப்புப் பீங்கான் வயிறும் கண்ணாடி மூடியுமாகச் சமையல் மேடையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அதைவிடக் கனமான ஓர் இரும்புப் பெட்டி. கனடா நாட்டு மின்சாரத்துக்கும் பெரம்பூர் மின்சாரத்துக்கும் நடுவே நின்று சமாதானம் பேசுகிற மின்மாற்றி, ரிச்சி தெருவில் வாங்கியது. அது மட்டும் கதை கேட்பவர் 'ம்' கொட்டுவதைப் போல விடாமல் முனகிக்கொண்டிருந்தது. முதலில் அந்த முனகல் எரிச்சலாக இருந்தது, பிறகு அது நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது, இப்போது அது வீட்டில் இன்னொருவர் இருப்பது போல இருந்தது. அப்படித் தோன்றியது அவருக்குப் பிடிக்கவில்லை. ஐந்தரை மாதமாக வீட்டில் இன்னொருவர் இல்லை என்பதை ஓர் இரும்புப் பெட்டியிடம் ஒப்புக்கொள்வது முத்திரை ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவருக்கு அழகில்லை. கடைகடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சரிபார்த்து முத்திரை குத்தியவர் அவர். கோயம்பேட்டில் வெங்காய வியாபாரிகள் அவர் தலையைக் கண்டதும் கல்லை மாற்றுவார்கள். மாற்றுவது தெரிந்தும் தெரியாதது போல அவர் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார், அவர்கள் பழைய கல்லை எடுத்து வைத்த பிறகு.

பானையை அனுப்பியது குமுதவல்லி. மகள் தேன்மொழியின் பிரசவத்துக்காகச் செப்டம்பரில் வினிப்பெக் போனாள். மேல்வீட்டு ஜெரோம் போன மாதம் தன் மகனைப் பார்த்துவிட்டு அங்கிருந்து திரும்பியபோது அவர் பெட்டியில் இதைத் திணித்து அனுப்பிவிட்டாள். வேறு மனைவியாக இருந்தால் பாதாம் பருப்பு அனுப்பியிருப்பாள். பானையோடு செய்முறையும் வந்தது, போனில், அவள் குரலிலேயே, நான்கு நிமிடம் பதினேழு வினாடி. ராஜ்மா இரண்டு கப், ராத்திரியே ஊறப் போடணும், காலைல தண்ணிய மாத்தி பத்து நிமிஷம் தளதளன்னு கொதிக்க வைக்கணும், கொதிக்க வைக்காம நேரா பானையில போட்டீங்கன்னா வயிறு போயிடும், ஆமா சொல்லிட்டேன். அப்புறம் காரட், உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, பிரிஞ்சி இலை ரெண்டு, மிளகு. கப் என்றால் எந்தக் கப் என்று அவள் சொல்லவில்லை. ஏகாம்பரத்தின் கணக்கில் கப் என்று ஓர் அளவை உலகத்தில் கிடையாது, காபி குடிக்கிற பாத்திரத்துக்கு அது பெயர், அவ்வளவுதான். எடுத்து நிறுத்தார், முன்னூற்று அறுபத்தெட்டு கிராம் என்று காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைத்தார். கொதிக்க வைத்தது பதினொரு நிமிடம், ஒரு நிமிடம் அரசாங்கத்தின் சார்பில் கூடுதலாக. எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பேச்சின் நடுவே, இரண்டாவது நிமிடம் முடிகிற இடத்தில், அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள்: "இது ரொம்ப சௌகரியங்க, காலைல போட்டுட்டுப் போனா சாயங்காலம் வந்ததும் ரெடியா இருக்கும்." போட்டுட்டுப் போனா. எங்கே போனால்? அவர் அதைப் பன்னிரண்டு முறை கேட்டிருப்பார். ஊறப்போடுவது, கொதிக்கவைப்பது எல்லாம் முதல் தடவையே மனப்பாடம். மீதிப் பதினொரு தடவையும் இந்த ஒரு வாக்கியத்துக்காக. அப்புறம், கடைசியில், எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவள் ஒரு மூச்சு இழுத்தாள், ஏதோ சொல்ல வருகிறவள் இழுக்கிற மூச்சு, அதற்குள் பதிவு நின்றுவிட்டது, அதற்காகவும்.

போட்டுவிட்டுப் போகிறவள் இல்லை அவள். முப்பத்துநான்கு வருடத்தில் அடுப்பில் ஒன்றை வைத்துவிட்டு வாசற்படி தாண்டினவள் இல்லை. குளிக்கப் போனால்கூடக் கதவிடுக்கு வழியாகக் கூவுவாள், "ஏங்க, மூணாவது விசில் வந்தா நிறுத்துங்க." சமையலில் அவருடைய பங்கு அதுதான், விசில் எண்ணுவது. அதைப் பொறுப்பாகத்தான் செய்தார். பேப்பர் படித்துக்கொண்டே எண்ணுவார், சில நாள் எதிர்வீட்டு விசிலையும் சேர்த்து எண்ணிவிடுவார், அன்றைக்குச் சாதம் விதைவிதையாக இருக்கும், அவள் அதை ஒன்றும் சொல்லாமல் மோரில் பிசைந்து தின்பாள். எவ்வளவு தூரம் போயிருக்கிறாள் அவள், இந்த முப்பத்துநான்கு வருடத்தில்? மாடியில் துணி உலர்த்த. கீழே கீரைக்காரியிடம். பக்கத்து வீட்டில் கருவேப்பிலை கேட்க. எல்லாம் விசில் கேட்கிற தூரம். இதை அவர் முன்பு நினைத்ததில்லை. இப்போது நினைத்தது கூட அவர் நினைத்ததாகத் தோன்றவில்லை, பானை சத்தம் போடாமல் இருப்பதால் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. மணி பதினொன்று. எழுந்து போய் மூடியைத் திறந்தார். திறக்கக் கூடாது, ஒரு தடவை திறந்தால் அரை மணி நேரச் சூடு போச்சு என்று அவள் சொல்லியிருந்தாள். பயறு கல்லாகக் கிடந்தது. மூடினார். கண்ணாடியில் உடனே ஆவி படர்ந்து உள்ளே இருப்பது மறைந்துவிட்டது, அதனால் மறுபடியும் திறந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. தராசு முள் ஆடி நிற்கிறவரை எடையைப் படிக்கக் கூடாது என்று எத்தனை மளிகைக்காரர்களுக்குப் பாடம் எடுத்திருப்பார். ஆடுகிற முள்ளைப் படிப்பவன் தனக்கு வேண்டிய எடையைத்தான் படிப்பான் என்பார். அதைச் சொல்லும்போது தன் குரல் எவ்வளவு கம்பீரமாக இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

நேற்று அவள் சொன்னதுதான் உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. மார்ச் நாலாம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட். அங்கே இன்னும் ஆறு மாதம் இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. தேதியை மாற்றுவதென்றால் மறுநாள் காலை, அதாவது அவளுக்குக் காலை, ஏகாம்பரத்துக்கு இன்று மாலை, தேன்மொழி ஆபீஸ் கிளம்பும் முன் மாற்றியாக வேண்டும். "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டார். "நான் என்ன நினைக்கிறது? நீங்க வரச் சொன்னா வர்றேன், இருக்கச் சொன்னா இருக்கேன்." "அதென்ன அப்படிச் சொல்ற, உனக்குன்னு ஒண்ணு தோணாதா?" "தோணும் தோணும். நீங்க முதல்ல அந்தப் பானைல சூப்ப வைங்க. ஒரு மாசமா அட்டைப்பெட்டிலயே கிடக்குது. காலைல பத்து மணிக்கு வச்சீங்கன்னா ஆறு மணிக்கு வெந்துரும். ஆறு மணிக்குப் போன் பண்றேன், வெந்ததும் சொல்லுங்க." அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள், ஆனால் அவள் போனை வைத்துவிட்டாள், அவர் வைக்கவில்லை. நீங்க வரச் சொன்னா வர்றேன். அவருக்கு வேண்டியது அதுவா? வா என்றால் அவள் வருவாள், அதில் சந்தேகமே இல்லை, கல்யாணமான நாளிலிருந்து அவள் எல்லாமே சொன்னபிறகுதான் செய்தாள், சொன்னது எல்லாவற்றையும் செய்தாள். சொல்லாமல் வர வேண்டும். காலிங்பெல் அடிக்காமல், ஒரு மத்தியானம், தன் சாவியால் திறந்துகொண்டு, செருப்பைக் கழற்றும்போதே 'ஏங்க, ஃபேன் இல்லாம எப்படி உக்காந்திருக்கீங்க' என்று கேட்டபடி. ஃபேனைப் பார்த்தார். ஓடவில்லைதான். பிப்ரவரி கடைசியிலேயே சென்னை அடுப்பைப் பற்றவைத்துவிட்டது. இந்த வெக்கையில் பனிக்காலச் சூப்பு வைக்கிற ஒரே பிரஜை தாமாகத்தான் இருக்கும். எழுந்து ஃபேனைப் போட்டார், போன வழியில் மூடியையும் திறந்தார்.

பன்னிரண்டரைக்கு ஜெரோம் பேப்பர் வாங்க வந்தார். தினமும் வாங்குவார், திருப்பித் தந்ததில்லை. "என்ன சார், வீடே மணக்குது. நான் தூக்கிட்டு வந்த குண்டு வேலை செய்யுதா?" "எங்க செய்யுது, ரெண்டரை மணி நேரமா மௌன விரதம்." "அங்க எல்லா வீட்லயும் இதுதான் சார். என் மருமக காலைல போட்டுட்டுப் போவா, நாங்க அஞ்சு பேரும் அதையே ரெண்டு நாளைக்குத் தின்போம். எங்க வீட்டுக்காரி ரெஜினா மூணாவது வாரமே 'எனக்கு ஒரு மீன் தலையக் கண்ணுல காட்டுங்கடா'ன்னு அழுதுட்டா." ஜெரோம் கண்ணாடி மூடியில் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். "மேடம் நல்லா இருக்காங்க சார், நான் பாத்தப்ப. முடிய வெட்டிக்கிட்டாங்கல்ல, பொருத்தமாத்தான் இருந்துச்சு." ஏகாம்பரம் "ஆமாமா" என்றார். ஜெரோம் போனபிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். முடியை வெட்டிக்கொண்டாளா? போனில் பேசும்போதெல்லாம் தலையில் கம்பளிக் குல்லா. குளிர் என்றாள், சரி என்றார். இடுப்புக்குக் கீழே வரும் முடி. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் பரத்தி உலர்த்துவாள், பின்னல் போடும்போது ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடியே பேசுவாள், அந்தப் பாதிப் பேச்சு அவருக்கு மட்டும்தான் புரியும். குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் சீப்பு அப்படியே இருக்கிறது, அதில் சிக்கிய நாலு முடியும். அவர் எடுத்துப் போடவில்லை. எதற்காக எடுக்கவில்லை என்று யாராவது கேட்டால் கவனிக்கவில்லை என்று சொல்வதற்குத் தயாராக இருந்தார். ஐந்தரை மாதமாக யாரும் கேட்கவில்லை. வெட்டிய முடியை அங்கே என்ன செய்திருப்பார்கள்? பெருக்கித் தள்ளியிருப்பார்கள். ஏன் சொல்லவில்லை? திட்டுவேன் என்றா? நான் எப்போது திட்டினேன்? 'உனக்கு எதுக்கு இதெல்லாம்' என்று சொல்வதுண்டு. அது திட்டு இல்லை. சுடிதார் போட்டுக்கட்டுமா என்று ஒரு முறை கேட்டபோது. ஸ்கூட்டர் கற்றுக்கொள்கிறேன் என்றபோது. மூன்றாவதாக ஒன்று இருந்தது, அது ஞாபகம் வரவில்லை. மூன்றாவதைச் சொன்ன பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள் என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

ஒரு மணிக்கு மேல் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். சப்பென்று இருந்தது. உப்பு இருந்தது, மிளகு இருந்தது, ஆனாலும் யாரோ ஒருவர் வீட்டுச் சாப்பாடு. இதையா வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிடுகிறாள்? அவள் வைக்கிற குழம்பு நாக்கில் பட்டால் முதலில் ஒரு கணம் கண் தானாகச் சுருங்கும், அப்புறம்தான் காரம் தெரியும். அந்தச் சுருங்கலுக்காகவே அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வில்லிவாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார், ஆய்வுக்குப் போன ஊர்களில் எத்தனையோ மெஸ்ஸில் இலையைப் பாதியில் மடித்திருக்கிறார். அந்தச் சுருங்கல் வேண்டும், இப்போதே. ஜாடியைத் தேடி எடுத்தார். மூன்றாவது தட்டில், கல்லுப்புக்குப் பின்னால், அவள் கொட்டை எடுத்துக் காயவைத்து அடைத்த புளி. எலுமிச்சை அளவு என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறார், அதுவும் ஒரு மோசமான அளவைதான், எலுமிச்சைக்கு யார் முத்திரை குத்துவது? இருந்தாலும் எடுத்து வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்தார். விரலிடுக்கில் சக்கை வழுக்கியது. இதே ஜாடியில் ஐந்தரை மாதத்துக்கு முன் அவள் கை போயிருக்கிறது. அவள் கரைக்கும்போது வளையல் மேலே ஏறிவிடும், முழங்கையால் முன்முடியை ஒதுக்கிக்கொண்டே யாரிடமோ கோபமாக இருப்பது போலக் கரைப்பாள். வடிகட்டிப் பானையில் ஊற்றினார். பழுப்பாகச் சுழன்று உள்ளே போனது. மூடினார், திறந்தார், கலக்கினார், மூடினார். வாசனை மாறியது. வீட்டு வாசனை.

அதற்கப்புறம் நாற்காலியில் கண் அசந்தார். தூக்கமும் விழிப்புமாக, அங்கே இப்போது நடு ராத்திரி தாண்டிவிட்டது, தூங்குகிறாள், குட்டை முடி தலையணையில் என்று ஒன்று ஓடியது. குட்டை முடி எப்படியிருக்கும் என்று அவருக்கு வரவில்லை, பழைய பின்னலே வந்து வந்து விழுந்தது. விழித்ததும் மூன்று வாக்கியங்கள் தயார் செய்தார். முதலாவது: உன் இஷ்டம். இது பெருந்தன்மையாக ஒலித்தது, ஆனால் அவளுக்குத் தெரியும், அவருடைய 'உன் இஷ்டம்' எப்போதும் 'என் இஷ்டம்'தான். இரண்டாவது: எனக்குச் சாப்பாட்டுக்குக் கஷ்டமா இருக்கு. இது பொய், முக்குக்கடையில் இட்லி நன்றாகத்தான் இருக்கிறது, சமயத்தில் அவள் இட்லியைவிட, இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. மூன்றாவது: நீ இல்லாம எனக்கு என்னவோ போல இருக்கு. சொல்லிப் பார்த்தார், வாய் விட்டு, மெதுவாக. மின்மாற்றி 'ம்' என்றது. இதைச் சொன்னால் வந்துவிடுவாள். வந்து, சூட்கேஸைப் பிரிக்கும் முன்பே பருப்பைக் களைந்து வைத்து, 'மூணாவது விசில்ல நிறுத்துங்க' என்பாள். அவருக்கு உடம்பெல்லாம் அதைக் கேட்க வேண்டும் போல இருந்தது. நான்கு மணிக்குத் திறந்தார். ஐந்துக்குத் திறந்தார். பயறு பல்லுக்கு அகப்படாமல் துள்ளியது. காரட் குழைந்து, உருளை கரைந்து, பயறு மட்டும் தன் பிடிவாதத்தில் இருந்தது. ஐந்தே முக்காலுக்கு ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார், நசுங்கவில்லை. எடையில் மோசடி பார்க்கத் தெரியும், வேகாததற்குக் காரணம் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆறு மணி. போன் அடித்தது. "வெந்துச்சா?" தூக்கம் கலையாத குரல், பின்னால் குழந்தை ஏதோ ராகம் பாடிக்கொண்டிருந்தது. "இல்ல." "இல்லியா? எட்டு மணி நேரமாச்சே. மூடியத் தொறந்தீங்களா?" "ஒரு தரம்." "ஏங்க." "சரி, ஏழெட்டுத் தரம்." "அப்படியே இருந்தாலும் இந்நேரம் ஓரளவு வெந்திருக்கணுமே. வேற என்ன பண்ணீங்க?" "ஒண்ணும் பண்ணல. சப்புனு இருந்துச்சு, கொஞ்சம் புளி கரைச்சு ஊத்தினேன்." அப்புறம் அவள் சிரித்தாள். ஐந்தரை மாதத்தில் இந்தச் சிரிப்பு இல்லை. மூச்சு வாங்க வாங்க, நடுவில் ஒரு விக்கலோடு, குழந்தை பாட்டை நிறுத்திக் கேட்கிற மாதிரி. "புளியா! வேகறதுக்கு முந்தியேவா! புளி ஊத்தினா எந்தக் காலத்துலங்க பயறு வேகும்? முப்பத்துநாலு வருஷமா பருப்பு வெந்தப்புறம்தானே புளி ஊத்துறேன், ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?" "நான் எங்க பாத்தேன், விசில்தானே எண்ணினேன்." மறுபடியும் சிரித்தாள். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். சிரிப்பு தேய்ந்து நின்றது. "சரி, சொல்லுங்க. தேனு குளிக்கப் போயிருக்கா. வந்ததும் கேப்பா." மூன்று வாக்கியங்களும் வரிசையில் நின்றன. அவர் வாயிலிருந்து வந்தது நான்காவது. "போட்டுட்டுப் போனான்னு சொன்னியே. எங்க போவ?" அவள் ஒரு மூச்சு இழுத்தாள். அதே மூச்சு. இந்தத் தடவை பதிவு நிற்கவில்லை. "சொன்னா சிரிப்பீங்க." "நீ சிரிச்சதுக்கு மேலயா?" "நீச்சலுக்குங்க. இங்க ஒரு குளம் இருக்கு, கட்டடத்துக்குள்ளயே, வெந்நீர். செவ்வாயும் வியாழனும் வயசான பொம்பளைங்களுக்கு. தேனு சேத்து விட்டா. முட்டி வரைக்கும் ஒரு கறுப்பு உடுப்பு, நீங்க பாத்தா... சரி விடுங்க. முடி காயவே மாட்டேங்குது, அதான் அதையும் வெட்டிட்டேன். ஜெரோம் சார் சொல்லிருப்பாரே." "சொன்னாரு." "மல்லாக்க மிதக்கறேங்க. காதுக்குள்ள தண்ணி போயி ஒரு சத்தமும் கேக்காது. யாரு கூப்ட்டாலும் கேக்காது." அவள் குரல் தாழ்ந்தது. "அடுத்த மாசம் பதினொண்ணாம் தேதிலேர்ந்து ஆழத்துப் பக்கமாம். காலு தரையில படாது." "பயமா இல்லியா?" "இருக்கு," என்றாள். அந்த 'இருக்கு'வில் அவள் வாய் நிறையச் சிரிப்பது கேட்டது. ஏகாம்பரம் சமையல் மேடையைப் பார்த்தார். முப்பத்துநான்கு வருடம் அடுத்த அறையிலிருந்து கேட்ட குரலில் இது எங்கே இருந்தது? ஸ்கூட்டர், சுடிதார், மூன்றாவது இப்போது ஞாபகம் வந்தது: மாமல்லபுரத்தில் ஒரு முறை கடலில் இடுப்பளவு போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். "மாத்தச் சொல்லு," என்றார். "என்னது?" "டிக்கெட்ட. ஆழத்துப் பக்கம் போயிட்டு வா." "நிஜமாத்தான் சொல்றீங்களா? கோவத்துல சொல்லலியே?" சந்தோஷத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள், அது விளிம்பில் வழிந்தது. "கோவம் இல்ல." "அப்ப எப்ப வர்றதுன்னு..." "உனக்கா எப்பத் தோணுதோ அப்ப. நான் கேக்க மாட்டேன்." ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே கேட்கத் தோன்றும் என்று அவருக்குத் தெரியும். நெஞ்சுக்குள் எதுவோ கல்லாகக் கிடந்தது, நசுக்கினாலும் நசுங்காமல். "நீ இல்லாம எனக்கு என்னவோ போல இருக்கு," என்றார், வைத்துவிடுவாளோ என்று அவசரமாக. "தெரியும்," என்றாள் அவள். "எனக்கும்தான். அதான் பானை அனுப்பினேன்." பின்னால் தேன்மொழி ஏதோ கேட்டாள், குமுதவல்லி போனைக் கையால் மூடிக்கொண்டு பதில் சொன்னாள். "இப்ப இத என்ன பண்றது?" என்று கேட்டார். "ஒண்ணும் பண்ணாதீங்க. கூடுதல் சூட்டுல வச்சு இன்னும் ஒரு நாலு மணி நேரம் விடுங்க. புளிய எடுக்கவா முடியும், மெதுவா வேகும். தொறக்காதீங்க." "அது வரைக்கும்?" "அது வரைக்கும் என்ன? போட்டுட்டுப் போங்க."

அவர் குமிழைத் திருப்பினார். சட்டை மாற்றினார், சாவியை எடுத்தார், கதவைப் பூட்டினார், திறந்தார், மின்மாற்றியின் முனகல் இருக்கிறதா என்று வாசலில் நின்றபடியே கேட்டார், உள்ளே போகவில்லை, பூட்டினார். படியில் ஜெரோம் ஏறி வந்துகொண்டிருந்தார். "என்ன சார், சட்டையெல்லாம் போட்டு, எங்க கிளம்பிட்டீங்க?" ஏகாம்பரம் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சூப்பு வேகுது," என்றார். "அப்ப யாரு பாத்துக்கறது?" "அதுதான் பாத்துக்கணும்." ஜெரோம் வாயைத் திறந்தபடி நிற்க, அவர் இறங்கித் தெருவுக்கு வந்தார். விளக்கு வைக்கிற நேரம். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்சம் நின்று, இட்லிக்கடை இல்லாத பக்கமாக நடந்தார். ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஒன்று. நடை தானாகத் தாமதித்தது. இரண்டு. தெருமுனைக்கு வந்திருந்தார். மூன்றாவதுக்காகக் காது நீண்டது, கால் ஓரத்திலேயே நின்றது. பிறகு அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தார்.